சொல் இருக்கிறது, பொருள் எங்கே?

நினைவு என்பதை நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். 'அவனுக்கு நல்ல நினைவாற்றல்' என்கிறோம். 'எனக்கு நினைவு குறைந்துவிட்டது' என்கிறோம். பானையில் நீர் இருப்பது போலவும், பானையில் விரிசல் கண்டால் நீர் முழுவதும் ஒரே சீராகக் குறைந்துவருவது போலவும் நினைவைக் கருதிக்கொள்கிறோம். ஆனால், பல அறைகளை உடைய ஒரு வீட்டுக்கு அதனை ஒப்பிடுவதே பொருத்தமாகும். ஓர் அறை இருண்டுபோன பின்னும் அடுத்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அந்த அறைகளுள் ஒன்றை, சொற்களின் பொருள்களும் உலகத்துப் பொருள்களைப் பற்றிய அறிவும் தங்கியிருக்கும் அறையை, மருத்துவ அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் என்னும் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பள்ளியில் கணக்காசிரியராகப் பணிபுரிந்த நண்பர் ஒருவர் இருந்தார். என்னினும் நான்காண்டு மூத்தவர். அவர் ஓய்வு பெற்ற பின்னரும் மாலை வேளைகளில் இருவரும் சேர்ந்து ஆற்றுப்பாலம் வரையில் நடந்து வருவது வழக்கம். ஒரு நாள் என் வீட்டில் அவர் உணவருந்திக்கொண்டிருந்தார். 'இன்னும் கொஞ்சம் அவரைக்காய் போடட்டுமா?' என்று என் மனைவி கேட்டார். நண்பர் கையை நிறுத்தினார். 'அவரைக்காயா? அவரைக்காய் என்றால் என்னம்மா?' என்று கேட்டார். வேடிக்கை செய்கிறார் என்று எண்ணி நான் உரக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பின்னர் இத்தகைய வினாக்கள் பெருகின. சல்லடை என்றால் என்ன? மைனா என்றால் என்ன? சொல்லை அவர் தவறாகச் சொல்வதில்லை. நாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். ஆனால், அதன் பொருளைக் கேட்பார். முந்தின நாள் நாங்கள் எந்த வழியாக நடந்தோம், யாரைக் கண்டு பேசினோம் என்பதையோ என்னைக் காட்டிலும் தெளிவாக நினைவுகூர்வார். வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டு விடை சொல்வார். மறதி நோய் என்றால் நேற்று நடந்தது மறந்துபோவது என்று மட்டுமே நான் அறிந்திருந்தேன். நேற்று நடந்ததை நன்றாகச் சொல்கிறவர் அவரைக்காயை எவ்வாறு மறப்பார்? வேண்டுமென்றே பிடிவாதம் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு முறை வகுப்பில் மாணவனைக் கடிவது போல அவரைக் கடிந்தும் பேசிவிட்டேன். 'தெரியவில்லை ஐயா, உண்மையாகவே தெரியவில்லை' என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்ன விடை இன்றும் என் காதில் இருக்கிறது.

மாணவர்களே! ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் கடைசியாக மாம்பழம் உண்டது எந்த நாள், எந்த இடம், உடன் இருந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அஃது ஒரு நிகழ்ச்சியின் நினைவு. இனி, மாம்பழம் என்றால் என்ன என்று உங்களை ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது மரத்தில் காய்ப்பது, கோடையில் கிடைப்பது, உள்ளே ஒரு கொட்டை உடையது, இனிப்பானது என்று விடை சொல்வீர்கள். இந்த அறிவை எந்த நாளில், யாரிடம் பெற்றீர்கள்? உங்களால் சொல்ல முடியாது. நாளும் இடமும் உதிர்ந்துபோய் அறிவு மட்டும் எஞ்சி நிற்கிறது. முன்னதை நிகழ்ச்சி நினைவு என்றும், பின்னதைப் பொருள் நினைவு என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் முன்னதை எபிசோடிக் மெமரி என்பர். பின்னதைச் செமான்டிக் மெமரி என்பர். இவ்வேறுபாடு இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஆனால், இதனைத் தெளிவாகக் காண்பதற்கு மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குவோம். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். அந்த நோயாளி பிறர் பேச்சைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். ஆனால், 'டான்' என்னும் ஓரசையைத் தவிர வேறெதனையும் அவரால் சொல்ல இயலவில்லை. இறந்த பின் மூளையைச் சோதித்தபோது இடப்பக்க முன் பகுதியில் சிதைவு இருந்தது. பேசும் ஆற்றலுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது இவ்வாறு நிலைபெற்றது.

1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, தமது இருபத்தாறாம் வயதில், இதற்கு நேர்மாறான நிலையை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் கண்டவர்கள் தங்குதடையின்றிப் பேசினர். ஆனால், பிறர் பேச்சை உணரும் ஆற்றலை இழந்திருந்தனர். அந்நூலில் அவர் வேறொரு கருத்தையும் கூறினார். சொல்லின் ஓசை மூளையின் ஓரிடத்தில் பதிந்திருக்கலாம். ஆனால், பொருளைப் பற்றிய கருத்து ஓரிடத்தில் அடங்குவது அன்று என்றார். கண்டதும் கேட்டதும் தொட்டதும் முகர்ந்ததும் சுவைத்ததும் ஒன்றோடொன்று இணைந்தே ஒரு கருத்து அமைகிறது என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இவர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் மூளையில் குருதியோட்டம் தடைப்பட்டதால் திடீரென்று நேர்ந்த இழப்புகள். முதுமையில் படிப்படியாக நேரும் இழப்பை எவரும் அவ்வாறு கூர்ந்து நோக்கவில்லை. முதுமையில் மூளை முழுவதும் ஒரே சீராகச் சுருங்குகிறது, அதனால் அறிவு முழுவதும் ஒரே சீராக மங்குகிறது என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. நான் முதலில் சொன்ன பானைக் கதைதான் அது.

அக்கருத்தை எதிர்த்தவர் ஆர்னால்டு பிக். அவர் 1851இல் பிறந்தவர்; பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1892ஆம் ஆண்டில், 71 வயதான ஒருவரைப் பற்றி அவர் எழுதினார். அம்முதியவருக்குப் பொதுவான அறிவு மங்கலோடு மொழியும் படிப்படியாகச் சிதைந்து வந்தது. அவர் இறந்த பின் மூளையைத் திறந்து பார்த்த பிக், சுருக்கம் எங்கும் ஒரே அளவாக இல்லை என்றும், இடப்பக்கத்துப் பொட்டுப் பகுதியில் மிகுந்திருந்தது என்றும் கண்டார். பொட்டுப் பகுதி என்று நான் சொல்வது, நெற்றிப் பொட்டிலிருந்து காது வரையில் மண்டையோட்டுக்கு உட்புறமாக அமைந்துள்ள மூளைப் பகுதியை. முதுமைச் சிதைவும் ஓரிடத்தை மட்டும் தேர்ந்து தாக்கக்கூடும் என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

ஆனால், இந்த உண்மை விரைவில் ஒதுக்கிடத்துக்குத் தள்ளப்பட்டது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் அலோயிஸ் அல்ஸைமர் ஒரு பெண்மணியின் நோயைப் பற்றி உரையாற்றினார். அந்நோய்க்கு 1910இல் எமில் கிரேப்லின் தமது பாடநூலில் அல்ஸைமர் நோய் என்று பெயரிட்டார். பிக் ஆராய்ந்த நோய்க்கும் 1926இல் பிக் நோய் என்னும் பெயர் வழங்கலாயிற்று. எனினும், பிற்காலத்தில் மறதி என்றவுடன் அல்ஸைமர் பெயரே முன்னின்றது. அந்நோய் பெரும்பாலும் நேற்றைய நிகழ்ச்சிகளையே முதலில் பறிக்கிறது. ஆகவே, மறதி நோய் என்றால் நிகழ்ச்சிகளை மறப்பது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. என் மனத்திலும் அதுவே ஊன்றியிருந்தது.

ஐரோப்பாவில் இவ்வாறிருக்க, ஜப்பானில் வேறொரு வாயில் திறந்தது. ஜப்பானிய மொழி இருவகை எழுத்துகளைக் கலந்து எழுதப்படுகிறது. கானா என்பது நம் எழுத்தைப் போல ஒலியைக் குறிப்பது. காஞ்சி என்பது சீனத்திலிருந்து வந்தது. அதில் ஓர் எழுத்தே ஒரு பொருளைக் குறிக்கும். ஒரே காஞ்சி எழுத்து இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக ஒலிக்கப்படுவதும் உண்டு. எந்த இடத்தில் எவ்வாறு ஒலிப்பது என்பதைச் சொல்லின் பொருளை அறிந்தவரே அறிவர். 1943ஆம் ஆண்டில் இமுரா என்னும் மருத்துவர் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் தெளிவாகப் பேசினர். கேட்ட சொல்லைத் திருப்பிச் சொன்னர். கானா எழுத்தைப் பிழையின்றிப் படித்தனர். ஆனால், சொற்களின் பொருளை அறியவில்லை. காஞ்சி எழுத்துகளைப் பொருளுக்குப் பொருந்தாத ஒலியில் படித்தனர். இதற்கு அவர் 'கோகி' இழப்பு என்று பெயரிட்டார். கோகி என்பதற்குச் சொற்பொருள் என்பது பொருள்.

ஆங்கிலத்திலும் இதனைப் போன்ற நிலையைப் பிற்காலத்தில் கண்டனர். ஆங்கிலத்தில் 'மின்ட்' என்பதும் 'பைன்ட்' என்பதும் முதலெழுத்து ஒன்றைத் தவிர ஒன்றுபோலவே எழுதப்படும். பொருள் அறிந்தவர் இரண்டையும் வேறுபடுத்திப் படிப்பர்; பொருளை இழந்த நோயாளியோ இரண்டாவதனையும் 'பின்ட்' என்று படித்துவிடுவார். தமிழில் இந்தப் பொறி மிகக் குறைவு. நம் எழுத்து கானாவைப் போலப் பெரும்பாலும் எழுதியவாறே படிக்கப்படுவது. ஆகவே, ஒரு தமிழர் நாளிதழை உரக்கப் படிக்கிறார் என்பதைக் கொண்டு, படித்ததன் பொருளும் அவருக்கு விளங்குகிறது என்று நாம் முடிவு செய்தல் ஆகாது. என் நண்பர் நாள்தோறும் நாளிதழின் தலைப்புகளை எனக்குப் படித்துக் காட்டினார். 'இவ்வளவு நன்றாகப் படிக்கிறவருக்கு என்ன நோய்?' என்று அவர் வீட்டாருக்கு நானே ஆறுதல் சொன்னேன்.

இனி, நினைவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருவோம். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, இருபுறத்துப் பொட்டுப் பகுதிகளின் உட்பக்கத்தை அறுத்து நீக்கினர். மருத்துவ நூல்களில் எச். எம். என்று வழங்கப்பட்ட ஹென்றி மோலைசன் அவர். அந்த அறுவைக்குப் பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரையே அவர் மறந்துவிடுவார். ஆனால், முன்பு கற்ற சொற்களின் பொருளை அவர் மறக்கவில்லை. வில்லியம் ஸ்கோவில், பிரெண்டா மில்னர் ஆகிய இருவரும் 1957இல் இதனை விரிவாக வெளியிட்டனர்.

நிகழ்ச்சி நினைவு அழிந்தும் பொருள் நினைவு நிற்கக் கூடும் என்றால், பொருள் நினைவு அழிந்து நிகழ்ச்சி நினைவு நிற்பதும் கூடும் அன்றோ? எஸ்தோனியாவில் பிறந்து கனடாவில் வாழ்ந்த உளவியலறிஞர் எண்டெல் டல்விங், 1972ஆம் ஆண்டில் இவ்விரு நினைவுகளையும் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்துக் காட்டினார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1975இல், லண்டன் நகரத்து நரம்பு நோய் மருத்துவமனையில் பணியாற்றிய எலிசபெத் வாரிங்டன் என்னும் அம்மையார் மூன்று நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த வரலாற்றில் திருப்புமுனை அதுவே.

அம்மூவரும் நன்றாகப் பேசினர். எண்களின் வரிசையைக் கேட்டுத் திருப்பிச் சொன்னர். படங்களின் வடிவத்தைக் கண்ணால் நன்கு உணர்ந்தனர். ஆனால், அந்தப் படத்தில் இருப்பது இன்னது என்பதை அறியவில்லை. பெயரைச் சொன்னாலும் விளங்கவில்லை. படத்தைக் காட்டினாலும் விளங்கவில்லை. எனவே, இழந்தது பெயரை மட்டும் அன்று, பெயரால் குறிக்கப்படும் பொருளைப் பற்றிய அறிவையே என்று வாரிங்டன் முடிவு செய்தார். அந்த அறிவு குலைவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒன்று விலங்கினத்தைச் சேர்ந்தது என்னும் பொது அறிவு நெடுநாள் நின்றது. அதன் அளவென்ன, வாழிடம் எது என்பன போன்ற சிறப்பறிவு முன்னே போயிற்று.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஜூலி ஸ்னோடன், டேவிட் நியரி முதலியோர் 1989இல் இந்நோய்க்குச் 'செமான்டிக் டிமென்ஷியா' என்று பெயர் தந்தனர். பொருள் மறதி நோய் என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். 1992இல் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஜான் ஹாட்ஜஸ், கேரலின் பாட்டர்சன் முதலியோர் ஐந்து நோயாளிகளை ஆராய்ந்து இதன் இலக்கணத்தை வகுத்தனர். உயிரோடிருப்பவரின் மூளையைப் படம்பிடித்துப் பார்க்கும் கருவிகள் அதற்குள் வந்துவிட்டன. பொட்டுப் பகுதியின் முன்முனை சுருங்கியிருப்பதைப் பிக் காண்பதற்கு நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது; இவர்கள் நோயாளி எதிரே அமர்ந்திருக்கும்போதே அதனைக் கண்டனர். பிக் எழுதி அப்போது சரியாக நூறாண்டு ஆகியிருந்தது.

பின்னர் வந்த ஆராய்ச்சிகளுள் மாணவர்கள் அறியத்தக்க சிலவற்றைச் சொல்கிறேன். 2003இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நோயாளியிடம் வாத்தின் படத்தைக் கொடுத்துப் பார்த்து வரையச் சொன்னர், வரைந்தார். பிறகு படத்தை மறைத்துச் சில விநாடி கழித்து வரையச் சொன்னர். வாத்துக்கு நான்கு கால்கள் வந்துவிட்டன. கையிலோ கண்ணிலோ குறை இல்லை. விலங்குக்கு நான்கு கால் என்னும் பொதுவிதி நின்றது. வாத்துக்கு இரண்டே கால் என்னும் தனி அறிவு போயிற்று. பெயர் சொல்வதிலும் இதே போக்கைக் காணலாம். மைனாவும் மரங்கொத்தியும் முதலில் வெறும் பறவை ஆகிவிடும். பிறகு பறவையும் விலங்கு என்னும் பொதுப்பெயரில் கரையும். கடைசியில் எல்லாம் 'அது' என்றே ஆகிவிடும்.

1997இல் கிம் கிரகாம் என்பவரும் ஹாட்ஜஸும், இந்நோயில் அண்மைக்கால நிகழ்ச்சிகள் பழைய நிகழ்ச்சிகளைவிட நன்றாக நினைவில் நிற்பதைக் காட்டினர். அல்ஸைமர் நோயில் காண்பதற்கு இது நேர்மாறானது. 2001இல் லண்டன் ஆராய்ச்சியாளர், சொற்பொருளை மிகவும் இழந்த ஒருவரிடம் எண்ணறிவும் கணக்கிடும் திறனும் குறையாமல் இருந்ததைக் கண்டனர். 2002இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, இந்நோயாளர் தாம் நாள்தோறும் கையாளும் தம் சொந்தப் பொருள்களை நன்றாகக் கையாளுவர் என்றும், அதே வகையைச் சேர்ந்த புதிய பொருளைக் கொடுத்தால் திகைப்பர் என்றும் காட்டியது.

இவற்றைப் படித்தபோது என் நண்பரே அந்தப் பக்கங்களில் நடமாடுவது போல் இருந்தது. அவர் போட்ட வட்டிக் கணக்குக்கு விளக்கம் கிடைத்தது. வேறொரு செய்திக்கும் விளக்கம் கிடைத்தது. ஒரு மழைநாளில் அவர் தம் வீட்டு மூலையிலிருந்த தம் குடையை எடுத்து விரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திரும்பும்போது அவர் குடை காற்றில் முறிந்துவிட்டதென்று நான் என் குடையைக் கொடுத்தேன். அதனைக் கையில் வாங்கி, இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்து, மீண்டும் என்னிடமே கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தார். என்மீது கோபம் போலும் என்று நான் நினைத்தேன். கோபம் அன்று. அவருக்குக் குடை என்பது தம் குடையாக மட்டுமே எஞ்சியிருந்தது.

ஆசிரியர்களாகிய எங்கள் தொழிலைத் தொடும் ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 1999இல் கிரகாம், பாட்டர்சன் முதலியோர் ஒரு நோயாளியின் முயற்சியைப் பதிவு செய்தனர். அவர் தாம் இழந்துவரும் சொற்களை ஏட்டில் எழுதி வைத்து, நாள்தோறும் மனப்பாடம் செய்தார். பயிற்சி நடந்த காலத்தில் அச்சொற்கள் திரும்பி வந்தன. பயிற்சியை நிறுத்தியதும் அவை மறுபடியும் நழுவின. நம்மிடம் ஒரு சொல் நிலைப்பது, அது வேறு பல சொற்களோடும் கண்ட காட்சிகளோடும் பின்னிக் கிடப்பதால். அந்தப் பின்னல் அறுந்தவர்க்கு மனப்பாடம் ஒன்றே பிடிமானம். அந்தப் பிடியை அவர் நாள்தோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. பொருளறியாமல் ஒப்பிக்கும் மாணவரைக் கிளிப்பிள்ளை என்று ஏளனம் செய்தவன் நான். அந்த மனிதர் ஏட்டை வைத்துக்கொண்டு செய்த மனப்பாடத்தை எண்ணும்போது, அந்த ஏளனத்துக்காக நாணுகிறேன்.

இந்தப் பின்னல் மூளையில் எங்கே இருக்கிறது? வெர்னிக்கேயின் கொள்கையை நினைவில் வைக்கச் சொன்னேன். 2007இல் பாட்டர்சன் முதலியோர் அதனைத் திருத்தி நிறைவு செய்தனர். நிறம், வடிவம், ஓசை, சுவை முதலியவை மூளையின் பல இடங்களில் தங்குகின்றன என்பது உண்மையே. ஆனால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களெல்லாம் குடத்தில் வந்து சேர்வது போல, அவையனைத்தும் வந்து கூடும் ஒரு மையமும் வேண்டும். பொட்டுப் பகுதிகளின் முன்முனையே அந்தக் குடம் என்பது அவர்கள் கருத்து. குடம் தளர்ந்தால் ஆரங்கள் இருந்தும் சக்கரம் நில்லாது. ஆகவேதான் பெயரைக் கேட்டாலும், உருவைக் கண்டாலும், ஓசையைக் கேட்டாலும் நோயாளிக்கு ஒன்றுபோல விளங்காமல் போகிறது.

இந்நோயின் மூலத்தைப் பற்றியும் ஓரளவு அறிந்துள்ளனர். மூளை அணுக்களில் டி.டி.பி. 43 என்னும் புரதம் முறைதவறித் திரள்வதை 2006இல் கண்டறிந்தனர். பொருள் மறதி நோயுற்றவர் பெரும்பாலோரிடம் இதுவே காணப்படுகிறது. 2011இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி, மொழியைப் படிப்படியாகச் சிதைக்கும் நோய்களை மூன்றாக வகுத்தபோது, இதனை அவற்றுள் ஒன்றாக அமைத்தனர். இது பலர்க்கு ஐம்பது, அறுபது வயதுகளிலேயே தொடங்குகிறது. நோயை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆனால், நோயை அறிந்துகொள்வதால் ஒரு பெரும்பயன் உண்டு. நோயாளியை யாரும் பொய்யர் என்றோ பிடிவாதக்காரர் என்றோ எண்ணமாட்டார்கள்.

என் நண்பருக்கு நகரத்து மருத்துவர் ஒருவர் மூளைப்படம் எடுத்துப் பார்த்து, இந்நோயின் பெயரை எங்களுக்குச் சொன்னார். அதற்குள் அவர் கேட்கத் தொடங்கி மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. பிறகு நான் அவரிடம் பேசும் முறையை மாற்றிக்கொண்டேன். சொல்லைச் சொல்லிவிட்டுப் பொருளை எதிரே காட்டுவேன். அவரைக்காயைக் கையில் கொடுப்பேன். அவர் கையால் தொட்டு, முகர்ந்து, சில நேரம் தலையசைப்பார். அதுவும் இயலாதுபோன காலத்தில், எழுதுபலகையில் கணக்குகளை எழுதிக் கொடுத்தேன். அவர் மகிழ்ச்சியோடு போட்டுத் தருவார். என் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆயினும் நான் வரும் நேரத்தை அறிந்து, வாயிலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். சென்ற ஆண்டு அவர் காலமானார்.

மாணவர்களே! பிக், இமுரா, வாரிங்டன் ஆகியோர் தம் நோயாளிகள் எதனை இழந்தனர் என்று மட்டும் கேட்டவர்கள் அல்லர். எது இன்னும் அழியாமல் நிற்கிறது என்றும் கேட்டவர்கள். 'தெரியவில்லை' என்று ஒருவர் சொன்னபோது, அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று நம்பி, மேலும் ஒரு வினாவைக் கேட்டவர்கள். அவர்கள் கண்ட உண்மைகளெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. எனக்கு அந்த நம்பிக்கை மூன்றாண்டுகள் தாமதமாக வந்தது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பெரியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் அறிந்திருந்த ஒரு பொருளைச் சுட்டி, 'அஃது என்ன?' என்று கேட்டால் சிரிக்காதீர்கள். விடையைச் சொல்லுங்கள். கூடுமானால் பொருளையே எடுத்துவந்து கையில் கொடுங்கள். அவ்வினா மீண்டும் மீண்டும் வருமானால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். மறுநாளும் அவர் அதையே கேட்டால், மறுநாளும் சொல்லுங்கள்.